குட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள்

மறுபடியும் போய்விட்டது. சாப்பாட்டு மேசைக்கு அடியில் மொசைக் தரையில் மஞ்சளாக ஒரு வட்டம் பரவி, தரை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டதைப் போல மெதுவாக என் காலை நோக்கி வருகிறது. நாய்க்குட்டி அதன் பக்கத்திலேயே நின்று வாலை ஆட்டுகிறது. நான் பார்த்துவிட்டேன் என்பதில் அதற்கு ஒரு சந்தோஷம். நான் எழுந்திருக்கவில்லை. இப்போதுதான் முன்னறையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், வாளித் தண்ணீரைக்கூட இன்னும் கொட்டவில்லை, விரல் இடுக்குகளில் பினாயில் வாசனையும் அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருக்கிறது, எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் அந்த இரண்டாவது வாசனை போவதாயில்லை. உள்ளறையிலிருந்து அப்பா கேட்கிறார், "என்னலே, போயிட்டானோ?" நேற்றுதான் அவருக்குக் கண்புரை எடுத்தார்கள், ஒரு கண்ணின் மேல் துளைபோட்ட பிளாஸ்டிக் மூடி, அதற்கு மேல் ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடி, கட்டிலில் நிமிர்ந்து படுத்து நல்ல கண்ணையும் சேர்த்து மூடிக்கொண்டிருக்கிறார், ஆனால் குட்டி ஒரு சொட்டு விட்டாலும் அவர் காதுக்கு அது தப்புவதில்லை. "ஆமா" என்கிறேன். "எங்கன?" "மேசைக்கு அடியில." "பேப்பர் போட்டு வச்சியா?" "வச்சிருக்கு." "எங்கன வச்ச?" "முன்வாசல் பக்கம்." "முன்வாசலுக்கு எவன்லே வைக்கச் சொன்னான்? பின்வாசல்லதான் வைக்கணும்னு சொன்னேம்லா. நீ மாத்தி மாத்தி வச்சா அவன் என்ன செய்வான், பாவம்." பாவம் என்கிறார். அந்த வார்த்தை அவர் வாயில் வரும் என்று எனக்குத் தெரியாது. நான் நாற்பது வயதைத் தாண்டியவன், இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன், அவர் எத்தனையோ பேரைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறேன், பள்ளிக்கூட ஃபீல்டில் மயங்கி விழுந்த பையனைப் பற்றி, சம்பளம் வராமல் இருந்த வாட்ச்மேனைப் பற்றி, கடைசிக் காலத்தில் அம்மாவைப் பற்றி, ஒரு தடவைகூட அந்த வார்த்தை வரவில்லை. இந்த லாப்ரடார் குட்டிக்கு வந்திருக்கிறது.

துணியைப் போட்டதும் குட்டி பாய்ந்து வந்து அதைக் கவ்வுகிறது, இழுக்கிறது, நான் துடைக்கத் துடைக்க ஈரம் மேசையின் நான்கு காலுக்கும் போகிறது. அதன் பற்கள் ஊசி மாதிரி இருக்கின்றன. காலையில் வந்து செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் என் குதிகாலைக் கடித்துவிட்டது, ரத்தம் வரவில்லை, ஆனால் வந்திருந்தாலும் அவர் என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும், குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டிருப்பார். போனில்கூட அப்படித்தான். கண் ஆபரேஷன், நீ கொஞ்சம் வா என்று சொல்லவில்லை. "குட்டியப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். நான் குனியக் கூடாதாம், கனம் தூக்கக் கூடாதாம். வேலைக்கு வந்த பொம்பள, குட்டி சேலையப் பிடிச்சு இழுத்தான்னு, வேலைய விட்டு நின்னுட்டா. உனக்கு லீவு கிடைக்குமா?" ஒரு ஆள். தூத்துக்குடியில் நான் வேலை பார்க்கும் சரக்குக் கிளியரிங் ஆபீசில் இந்த வாரம் இரண்டு கப்பலுக்கு வேலை கிடக்கிறது, முடியாது என்று சொல்லியிருக்கலாம், வாயில் அந்தச் சொல் வரைக்கும் வந்தது, பக்கத்தில் நின்ற ஹெப்சி, "போயிட்டு வாங்க, கண்ணு விஷயம், அப்புறம் நாமதான் வருத்தப்படுவோம்" என்றாள். என் மனைவிக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் அப்படிச் சொன்னாள். அதனால்தான் இந்த மேசைக்கு அடியில் முழங்காலில் நிற்கிறேன். இந்த வீட்டில் நான் முழங்காலில் நிற்பது புதிதில்லை. இந்தத் தரையின் வெள்ளைப் புள்ளியும் கறுப்புப் புள்ளியும் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது, இதில் ஒரு இடத்தில் கறுப்புப் புள்ளிகள் சேர்ந்து ஒரு ஆட்டின் தலை மாதிரி இருக்கும், அது இப்போதும் இருக்கிறதா என்று பார்க்கவில்லை, பார்க்க மாட்டேன்.

"தொடச்சாச்சா?" "ஆச்சு." "வினிகர் போட்டுத் தொடச்சியா? பினாயில் மட்டும் போட்டா அந்த வாசம் அவனுக்குப் போகாது, திரும்ப அதே எடத்துலதான் இருப்பான்." நான் எழுந்து சமையலறைக்குப் போகிறேன், வினிகரைத் தேடுகிறேன், அம்மா ஊறுகாய் ஜாடி வைத்திருந்த தட்டில் இப்போது குட்டியின் சாமான்கள் இருக்கின்றன, புழு மருந்து, கால்சியம் சிரப், ஒரு சின்ன சீப்பு, அரைத்த ராகி மாவு. "கெடச்சுதா?" "கெடச்சுது." "அதட்டாத, என்ன? அவன் செய்து முடிச்ச பெறவு அதட்டுனா எதுக்கு அதட்டுறோம்னே அவனுக்குத் தெரியாது. நாம கவனிச்சிருக்கணும். தூங்கி எந்திச்ச உடனே ஒரு தடவ, தின்ன உடனே ஒரு தடவ, வெளையாடி முடிச்ச உடனே ஒரு தடவ, தூக்கிட்டுப் போயி பேப்பர்ல விடணும். விட்டாப் போவான். தப்பு நம்ம மேலதான்." டாக்டரம்மா சொன்னாளாம். டாக்டரம்மா என்பது அவருடைய பழைய மாணவர் ஒருவரின் மகள், கால்நடை மருத்துவம் படித்துவிட்டு இந்தத் தெருமுனையில் ஒரு சின்ன கிளினிக் வைத்திருக்கிறாள், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, அவள் சொன்னதையெல்லாம் அப்பா, பி.டி. மாஸ்டர் தங்கையா சார், நோட்ஸ் எடுத்த பையன் மாதிரி ஒப்பிக்கிறார். பாளையங்கோட்டை முழுவதும் அவரிடம் அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில், பேங்கில், கோர்ட்டில், சிரித்துக்கொண்டே வந்து கையைப் பிடித்து, சார் அன்னைக்கு நீங்க குடுத்த அடிதான் சார் இன்னைக்கு நான் இப்படி இருக்கேன் என்பார்கள், அவரும் தலையை ஆட்டிக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள். மணி அடித்தால் அவர்களுக்கு அவர் முடிந்துவிடுவார்.

குட்டி கதவு இடுக்கில் மூக்கை வைத்து முனகுகிறது. உள்ளே விடக் கூடாது, கட்டில்மேல் தாவிவிடும், கண்ணில் பட்டுவிட்டால் ஆபத்து என்று நேற்று நர்ஸ் கண்டித்துச் சொல்லியிருக்கிறாள். முனகல் கூடிக்கூடி ஊளையாகிறது. இவ்வளவு சின்ன உடம்புக்குள் இவ்வளவு சத்தம் எங்கே இருக்கிறதோ. எனக்குப் பின்மண்டையில் ஒரு நரம்பு இழுக்கிறது. "மக்கா" என்கிறார் அப்பா உள்ளிருந்து, கதவைப் பார்த்து, "அழாதடா மக்கா, தாத்தா இங்கனதான் இருக்கேன், மாமா பாத்துக்குவான்டா." நான் மாமா. அது பேரன். அப்படியானால் அதற்கு அப்பா யார் என்று கேட்கலாம், கேட்டால் சிரிப்பார், சிரித்தால் கண்ணில் அழுத்தம் கூடும், சிரிக்கக் கூடாது என்றும் நர்ஸ் சொல்லியிருக்கக்கூடும். என் மகள் ஜெமிமாவை அவர் மக்கா என்று கூப்பிட்டதில்லை. பேத்தியைப் பார்த்தால் நேராக நில், கூன் போடாதே, பால் குடித்தாயா என்று கேட்பார், அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய் நிற்பாள். அவள் அப்படி நிற்பது எனக்கு உள்ளுக்குள் பிடிக்கும். என் காலுக்குப் பின்னால் ஒரு இடம் இருக்கிறதே.

காலையில் சொட்டு மருந்து விட்டேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, பிளாஸ்டிக் மூடியின் டேப்பை மெதுவாக எடுத்து, கீழ் இமையை இழுத்துப் பிடித்தேன். அவர் முகத்தை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. மூக்கின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னச் சிவப்பு நரம்புகள், புருவத்தில் ஒரு நீளமான வெள்ளை முடி, கண் ரத்தமாக, யாரோ அடித்த மாதிரி. என் கை பக்கத்தில் போனதும் அவர் தலையைச் சட்டென்று திருப்பிக்கொண்டார். "ஆட்டாதீங்க" என்றேன். "ஆட்டல" என்றார். மறுபடியும் கை போனது, மறுபடியும் திருப்பினார், சொட்டு கன்னத்தில் விழுந்து காதுக்குள் ஓடியது. நான் அவர் நெற்றியை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு விட்டேன், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினேனோ என்னவோ. அந்த நெற்றியின் சூடு உள்ளங்கையில் வெகுநேரம் இருந்தது, கழுவினேன். அடுத்த சொட்டு பதினொரு மணிக்கு. அதுவரைக்கும் இந்த முன்னறை, இந்த மேசை, இந்தக் குட்டி. ராகியைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தேன், விரலை விட்டுச் சூடு பார்த்தாயா என்று கேட்டார், பார்த்தேன் என்றேன், பார்க்கவில்லை. குட்டி முகத்தைத் தட்டுக்குள்ளேயே வைத்துத் தின்றுவிட்டு, தட்டைக் கவிழ்த்து, கவிழ்ந்த தட்டின்மேல் ஏறி நின்று என்னைப் பார்த்தது. தின்ன உடனே ஒரு தடவை. தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினேன், பேப்பரில் விட்டேன், பேப்பரைக் கடித்துக் கிழித்தது, கிழித்த துண்டை விழுங்கியது, வாயில் விரலை விட்டு எடுத்தேன், விரலைக் கடித்தது, உள்ளே ஓடி வந்தது, நான் முன்வாசலில் வேறு பேப்பர் போடுவதற்குள் முன்னறையில் போனது. அது வேண்டுமென்றே செய்யவில்லை. எனக்கும் தெரியும். வேண்டுமென்றே செய்யவில்லை என்பதை இந்த வீட்டில் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நான் எத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

"ஒரு அடி குடுத்தா சரியாப் போகும்" என்றேன் அப்போது, துடைத்துக்கொண்டே, சத்தமாக, அவர் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன். கட்டில் கிறீச்சிட்டது, எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஏல எபி, கை வச்சிராத. சொல்லிட்டேன். அடிச்சா பயத்துலயே இன்னும் போகும். சின்னப் பிளாடர்லே அதுக்கு. மூத்திரத்த அடக்கத் தெரியாது. அது வளர வளரத் தானா சரியாயிரும். அடிச்சா நம்மளக் கண்டாலே போக ஆரம்பிச்சிரும், அப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பழக்கம் போகாது." சொல்லிவிட்டு நிறுத்தினார். நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் சொன்னது அவருக்கே திரும்பக் கேட்கும் என்று நினைத்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்கள், குட்டி என் கட்டைவிரலை நக்கிக்கொண்டிருந்தது. அவர் வாய் திறந்தார். "உனக்கு இதெல்லாம் தெரியாது" என்றார், "நீ நாய் வளத்ததில்லலா."

அடிச்சா பயத்துலயே இன்னும் போகும். அதிலிருந்து நகர முடியவில்லை, துடைக்கும்போதும் அதுதான், வாளியைத் தூக்கும்போதும் அதுதான், பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் நான் படுக்கையில் போய்க்கொண்டிருந்தேன். காலையில் கண் விழிக்கும்போது முதலில் தெரிவது குளிர்ச்சி, பிறகு அந்தக் குளிர்ச்சி எதுவரைக்கும் போயிருக்கிறது என்று அசையாமல் படுத்துக்கொண்டே கணக்குப் பார்ப்பது, முதுகு வரைக்கும் போயிருந்தால் சட்டையும் போச்சு. பள்ளிக்கூடத்துப் பந்துகளும் கோல் வலையும் எங்கள் வீட்டில்தான் இருக்கும், விடிந்ததும் டீம் பையன்கள் அவற்றை எடுக்க வருவார்கள், அவர்கள் வரும் நேரத்துக்குச் சரியாக அப்பா என்னை முற்றத்துக் குழாயடியில் நிறுத்துவார், ஈர விரிப்பைத் தோளில் போர்த்திக்கொண்டு நிற்க வேண்டும். பெரிய பையன்கள். மீசை முளைத்தவர்கள். அப்பா உள்ளே போனதும் ஒருவன் சொல்வான், "ஏல, நேத்து பாளையங்கோட்டையில மழையே இல்லையே, ஒங்க வீட்டுல மட்டும் பெஞ்சுதோ?" இன்னொருவன், "குத்தாலத்துல சீசன் ஆரம்பிச்சிட்டுல, பாத்தாத் தெரியல?" வலையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே போவார்கள். அவர்களில் ஒருவர் இப்போது தாசில்தார். பார்த்தால் அன்பாகப் பேசுகிறார், நானும் பேசுகிறேன், பேசும்போது என் முதுகில் அந்தத் துணி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடி அதற்குப் பிறகு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன். அவர் அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டதும் சமையலறையில் மிக்சி ஓடும். அம்மா தினமும் அந்த நேரத்துக்குத்தான் சட்னி அரைப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கேட்கக் கூடாது என்று. நான் கத்தி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடும், எதற்கும் இருக்கட்டும் என்று. சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் நான்தான் முதலில் ஜெபிக்க வேண்டும், வாய்விட்டு, என் கெட்ட பழக்கத்தை மன்னியும் என்று, அப்பா ஆமென் என்பார், அம்மாவும் ஆமென் என்பாள். படுக்கப் போகும்போது அடிவயிற்றில் ஒரு கல் இருக்கும். தண்ணீர் குடிக்காமல் படுத்தாலும், இரண்டு தடவை போய்விட்டு வந்து படுத்தாலும், அந்தக் கல் கரைந்து விடிவதற்குள் வெளியே வந்துவிடும். சின்னப் பிளாடர்லே அதுக்கு.

மறந்துவிட்டாரா. மறந்திருந்தால் ஒரு மாதிரி, மறக்காமல் சொல்லியிருந்தால் வேறு மாதிரி, இரண்டில் எது என்று தெரிந்தால் நான் எந்த மாதிரிக் கோபப்பட வேண்டும் என்றாவது தெரியும். மறந்திருந்தால் அவரைப் பிடித்து உலுக்கி ஞாபகப்படுத்த வேண்டும் என்று தோன்றுகிறது, கண்ணில் ரத்தம் வந்தாலும் சரி. மறக்கவில்லை என்றால், தெரிந்தே ஒரு நாயிடம் அதைச் சரிசெய்துகொண்டிருக்கிறார் என்றால், அது அதைவிட மோசம், நான் இங்கே இருக்கிறேனே, ஒரு பஸ் தூரத்தில், போன் பண்ணினால் எடுக்கிறேனே. மூத்தவனைக் கெடுத்துவிட்டோம், இளையவனையாவது ஒழுங்காக வளர்ப்போம் என்பதா. கதவருகே போய்க் கொஞ்சம் திறக்கிறேன். "அப்பா" என்கிறேன். "என்னலே?" "அடிச்சா இன்னும் போகும்னு டாக்டரம்மா சொன்னப்ப உங்களுக்கு என்ன தோணுச்சு?" கேட்டுவிட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது, கீச்சென்று, வகுப்பில் கையைத் தூக்கிவிட்டு எழுந்தவனுடையது மாதிரி. கறுப்புக் கண்ணாடி கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "என்ன தோணணும்?" என்கிறார். பிறகு, "படிச்ச புள்ள, சரியாத்தான் சொல்லும்னு தோணுச்சு." பிறகு கொஞ்சம் கழித்து, "பதினொண்ணு ஆயிட்டா? கண்ணு உறுத்துது." ஆகவில்லை என்கிறேன். கதவைச் சாத்துகிறேன். அவ்வளவுதான். நான் இவ்வளவு வருடம் ஒத்திகை பார்த்த கேள்விக்கு இவ்வளவுதான்.

ஹெப்சியிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. ஜெமி ஸ்கூலுக்குப் போயிட்டா, நீங்க சாப்டீங்களா. கூடவே ஒரு படம், மொட்டை மாடிக் கொடியில் காயும் விரிப்பு, அதில் ரோஜா நிறத்தில் யானைகள். எதற்கு அனுப்பினாள் என்று எனக்குத் தெரியும், பெருமைப்பட, ராத்திரி நனைந்தது, துவைத்துப் போட்டாயிற்று, அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை பார் என்று. என் மகள் இன்னமும் வாரத்தில் ஓரிரு நாள் போய்விடுகிறாள். ஹெப்சி விளக்கைக்கூடப் போடாமல் எழுந்து விரிப்பை உருவி, வேறு போட்டு, பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைத்துவிடுவாள், காலையில் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. நான் அந்த நேரத்தில் விழித்துக்கொண்டுதான் இருப்பேன். தூங்குகிற மாதிரிப் படுத்திருப்பேன். அந்த வாசனை வந்ததும் என் வலது கை தானாக மூடிக்கொள்கிறது. யாரும் மூடச் சொல்லவில்லை. நான் அதை என் தொடைக்கு அடியில் வைத்துப் படுத்துக்கொள்கிறேன், என் எடை முழுவதையும் அதன்மேல் போட்டு, மரத்துப் போகும் வரைக்கும். அவளை நான் தொட்டதில்லை. ஒரு தட்டுக்கூடத் தட்டியதில்லை, அதில் எனக்குப் பெருமைகூட உண்டு, ஹெப்சியிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அந்தக் கை ஒரு நாள் எனக்கு முன்னால் எழுந்துவிடும் என்ற பயம் இருக்கிறது. ஒரு தடவை எழுந்துவிட்டால் போதும், அவள் தூக்கத்தில் ஒரு கல் வந்துவிடும். அதற்காகத்தான் மேலாளர் முன் குரலை உயர்த்தாமல் இருக்கிறேன், பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் பரவாயில்லை என்கிறேன், அதற்காகத்தான் இந்த வீட்டுக்கு வருவதில்லை. இங்கே வந்தால் கை கனக்கிறது.

குட்டியைக் காணவில்லை. சத்தமும் இல்லை. சத்தமில்லை என்றால் எதையோ தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம், ஒரு காலைப்பொழுதில் அவ்வளவு தெரிந்துகொண்டேன். தையல் மிஷினுக்குப் பின்னால் அதன் பின்பக்கம் மட்டும் தெரிகிறது, வால் ஆடுகிறது, எதையோ முன்னங்காலால் அழுத்திக்கொண்டு கடைவாயால் அரைக்கிறது. காலைப் பிடித்து இழுக்கிறேன். வாயில் ஒரு கயிறு. அழுக்கு வெள்ளை, நடுவில் இரண்டு மூன்று பெரிய முடிச்சுகள், ஒரு முனையில் சிவப்புச் சாயம் போன மரக் கைப்பிடி. ஸ்கிப்பிங் கயிறு. பள்ளிக்கூடத்து ஸ்போர்ட்ஸ் ரூமிலிருந்து வந்தது, அலமாரியின் மேல்தட்டில் இருக்கும், இரண்டாக மடித்து, கைப்பிடிகளை உள்ளங்கைக்குள் சேர்த்துப் பிடித்துக்கொள்வார். மடிப்புதான் வந்து விழும். விழுந்த இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடுகள் எழும்பும், ரயில் தண்டவாளம் மாதிரி, நான் டவுசரை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வேன். "என்னலே எடுத்தான்?" "கயிறு." "ஆ, அது அவனுக்குத்தான். பல்லு மொளைக்கிறப்ப ஈறு ஊறும்லா, கடிக்க ஏதாவது குடுக்கணும். கடையில ஏதோ ரப்பர்ல வச்சிருக்கான், அது வயித்துக்குள்ள போனா கெடுதல். நான்தான் பழைய கயித்த முடிச்சுப் போட்டுக் குடுத்தேன். நல்லாப் பிடிச்சிருக்கு அவனுக்கு." நல்லாப் பிடிச்சிருக்கு. கைப்பிடியைப் பிடித்து இழுக்கிறேன். எனக்கு அது வேண்டும். எதற்கு என்று தெரியாது, பையில் வைத்து ஊருக்குக் கொண்டுபோக, அடுப்பில் வைத்து எரிக்க, அவர் கட்டிலில் கொண்டுபோய் அவர் கையில் வைத்து இது என்ன என்று கேட்க, எதற்கோ, ஆனால் இந்த நாய்க்கு இது விளையாட்டுச் சாமானாக இருக்கக் கூடாது. குட்டி விடவில்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டது. நான்கு காலையும் ஊன்றிப் பின்னால் சாய்ந்து, தலையை இப்படியும் அப்படியும் உதறி, பொய்யாக உறுமிக்கொண்டு இழுக்கிறது, அதன் கண் சந்தோஷத்தில் பளபளக்கிறது. "விடு" என்கிறேன். உறுமுகிறது. "விடுடா." நான் இழுக்க, அது தரையில் சறுக்கிக்கொண்டே வருகிறது, வரும்போதே அந்த உற்சாகத்தில் அதற்குப் போய்விடுகிறது, சறுக்கிய வழியெல்லாம் ஒரு ஈரக் கோடு. "ஏல, வெடுக்கு வெடுக்குன்னு இழுக்காத, பால் பல்லு, வந்துரும்" என்று உள்ளிருந்து அவர் கத்துகிறார், கெஞ்சுகிறார், அந்தக் குரலில் உண்மையாகவே பதற்றம் இருக்கிறது, பல்லு வந்துரும் என்கிறார், அந்தப் பதற்றம் ஒரு தடவை எனக்காக வர நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். குட்டி கயிற்றை விட்டுவிட்டு என் கையைக் கவ்வுகிறது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தோலில் ஊசிகள் இறங்குகின்றன, உதறுகிறேன், தோல் கிழிந்து ரத்தம் வருகிறது, கொஞ்சம்தான், ஆனால் அதைப் பார்த்ததும் காதுக்குள் மிக்சி ஓடுகிறது.

கை எழுந்துவிட்டது. எனக்கு முன்னால், நான் பயந்த மாதிரியே, தோளுக்கு மேலே, தலைக்கு மேலே, விரல்களை விரித்துக்கொண்டு, ரத்தம் மணிக்கட்டு வழியாக முழங்கை நோக்கி இறங்க. அது விழும் இடம்கூட எனக்குத் தெரிகிறது, அந்த மெத்தென்ற பின்பக்கத்தில், வாலுக்குக் கொஞ்சம் மேலே. விழுந்தால் அது எழுப்பப்போகும் சத்தம்கூடத் தெரிகிறது. குட்டி என்னை அண்ணாந்து பார்க்கிறது. பார்த்த உடனே, வாயை மூடி, காதைத் தூக்கி, தன் ஈரத்தின் மேலேயே சப்பென்று உட்கார்ந்துவிடுகிறது. ஓடவில்லை. பதுங்கவில்லை. வயிற்றைத் தரையோடு ஒட்டவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, முன்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓங்கிய கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறது. வால் மட்டும் தரையில் இடதும் வலதுமாக. இந்தக் கை என்னவெல்லாம் செய்யும் என்று அதற்குத் தெரியாது. யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. நான் மூச்சு விடுகிறேன், வாயால், இரண்டு மைல் ஓடியவன் மாதிரி.

"என்னலே, சத்தத்தையே காணும்?" என்கிறார் அப்பா. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டிருப்பார் போல. பிறகு அவர் குரல் மாறுகிறது, இளகி, பெருமையாக. "உக்காந்துட்டானோ? கையத் தூக்குனியாக்கும். கையத் தூக்குனா உக்காருவான்லா, நான்தான் பழக்குனேன். வாயே தொறக்க வேண்டாம், கை போதும், ஒரு வாரத்துல பிடிச்சிக்கிட்டான். பாத்தியா?" ரத்தம் முழங்கைக்கு வந்துவிட்டது. "பிஸ்கட் குடு அவனுக்கு. டப்பா ஜன்னல்ல இருக்கு. உடனே குடுக்கணும்லே, கேட்டியா. பிந்திக் குடுத்தா எதுக்குக் குடுக்கோம்னே அதுக்குத் தெரியாது."

டப்பா ஜன்னலில்தான் இருக்கிறது, இடது கையை நீட்டினால் எட்டும். நீட்டுகிறேன். வலது கை இன்னும் மேலேதான் நிற்கிறது, ஒரு கையால் மூடி திறக்கவில்லை. குட்டி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.